குரலை நம்பிக் கொடுத்த அறுபது இலட்சம்

1971-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள், திங்கட்கிழமை. நண்பகல் நெருங்கும் நேரம். புதுதில்லி பாராளுமன்றத் தெருவிலுள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில், தலைமைக் காசாளர் வேத் பிரகாஷ் மல்ஹோத்ராவின் தொலைபேசி ஒலித்தது. மறுமுனையில் பேசியவர் தம்மைப் பிரதமரின் செயலாளர் ஹக்சர் என்று சொல்லிக்கொண்டார். நாட்டுக்கான இரகசியப் பணி ஒன்றுக்கு அறுபது இலட்ச ரூபாய் உடனே வேண்டும் என்றார். காசாளர் தயங்கினார். 'பிரதமரே பேசுவார்' என்றது அக்குரல். அடுத்துக் கேட்டது ஒரு பெண்ணின் குரல். அது இந்திரா காந்தியின் குரல் என்று மல்ஹோத்ரா நம்பிவிட்டார்.

பணத்தை அவரே எடுத்துக்கொண்டு குறிப்பிட்ட இடத்துக்கு வரவேண்டும். அங்கே ஒருவர் 'பங்களாதேஷ் கா பாபு' என்பார். இவர் 'பார் அட் லா' என்று விடை சொல்லவேண்டும். பிறகு பணத்தை ஒப்படைத்துவிடலாம். கட்டளை இவ்வளவுதான். அறுபது இலட்சத்தை நூறு ரூபாய்த் தாள்களாக எண்ணினால் அறுபதாயிரம் தாள்கள் ஆகும். அத்தனையும் காப்பறையிலிருந்து பெட்டியில் ஏறி, வங்கிக் காரில் வெளியே போயிற்று. காரைத் தாமே ஓட்டிச் சென்ற மல்ஹோத்ரா, வழியில் காத்திருந்த ஒரு மனிதரை ஏற்றிக்கொண்டார். சற்றுத் தொலைவில் அம்மனிதர் பெட்டியுடன் ஒரு வாடகைக் காருக்கு மாறினார். 'நேரே பிரதமர் இல்லத்துக்குப் போங்கள். இரசீது அங்கே கிடைக்கும்' என்பது அவர் கடைசியாகச் சொன்ன சொல்.

அங்கே இரசீது இல்லை. பிரதமரும் இல்லை. பாராளுமன்றத்துக்கு ஓடிய காசாளர் உண்மையான ஹக்சரைக் கண்டபோதுதான், தாம் காலையில் பேசியது அவருடன் அன்று என்பதை அறிந்தார்.

இதற்குள் வங்கியில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ராவல் சிங் என்ற துணைக் காசாளர், வெளியே போன பணத்துக்குரிய வவுச்சரைக் கேட்டிருந்தார். பிரதமர் பெயரைச் சொன்னால் அது கணக்குப் புத்தகத்துக்குப் போதாது அல்லவா? வவுச்சர் வராததால் செய்தி மேலதிகாரிக்கும் காவல் நிலையத்துக்கும் போயிற்று. வாடகைக் காரின் தடத்தைப் பின்பற்றிய காவலர்கள், அன்றே ருஸ்தம் சொராப் நகர்வாலா என்ற முன்னாள் இராணுவ அதிகாரியைக் கைது செய்தனர். பணத்தின் மிகப் பெரும் பகுதி மீண்டது. பிரதமரின் குரலில் பேசியது தாமே என்று அவர் ஒப்புக்கொண்டதாகவும், சில நாட்களுக்குள் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதாகவும் வழக்கு ஆவணம் கூறுகிறது. பின்னர் அவர் மறுவிசாரணை கோரினார். 1972 மார்ச்சில் சிறைக் கைதியாகவே மாண்டார். 1977-இல் நீதிபதி ஜகன்மோகன் ரெட்டி ஆணையம் இவ்வழக்கை மீண்டும் ஆராய்ந்தது. அந்த இரகசியப் பணம் பற்றிய அரசியல் ஐயங்கள் இன்றும் பேசப்படுகின்றன. நமக்கு இங்கே வேண்டியது அரசியல் அன்று. ஒரு தொலைபேசிக் குரல், அனுபவம் மிக்க ஒரு வங்கி அலுவலரை எப்படி அசைத்தது என்பதே நமது கேள்வி.

அன்றைய சூழ்நிலையை எண்ணிப் பாருங்கள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் வந்துகொண்டிருந்த காலம் அது. வங்காளதேசத்துக்கு இந்தியா மறைவாக உதவுகிறது என்று யாவரும் பேசிக்கொண்டனர். ஆகவே 'இரகசியப் பணி' என்ற சொல் நம்பத் தகுந்ததாக இருந்தது. பெரிய இடத்துப் பெயர், ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்ற கட்டளை, நேரமில்லை என்ற நெருக்கடி, இரசீது பிறகு என்ற வாக்குறுதி ஆகிய நான்கும் அந்த ஒரே அழைப்பில் இருந்தன. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த நான்கையும் நாம் மீண்டும் சந்திக்கப் போகிறோம்.

கம்பியில் வரும் குரல்

தொலைபேசியின் பங்கும் இதில் உண்டு. நம் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. பழைய தொலைபேசிக் கம்பியோ ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை மட்டுமே கடத்தியது. பேச்சின் பொருள் விளங்க இது போதும். ஆனால் ஒருவர் குரலுக்கே உரிய நுண்மைகள் பல வழியில் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை மூளை தன் எதிர்பார்ப்பைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறது. 'பிரதமர் பேசுவார்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், கேட்பவரின் மூளை பாதி வேலையைத் தானே முடித்துவிடும்.

இன்னொரு வரலாறும் சுவையானது. முதற்காலத் தொலைபேசி நிலையங்களில் இணைப்புத் தருபவர் ஒரு மனிதர். யார் யாரை அழைக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். பிணங்களை அடக்கம் செய்வது அவர் தொழில். தமக்கு வரும் அழைப்புகளை நிலையத்துப் பெண்மணி போட்டிக்காரருக்குத் திருப்பிவிடுகிறார் என்று அவர் ஐயுற்றதாகக் கதை. அந்தக் கோபத்தில் ஆள் இல்லாமலே இணைப்புத் தரும் பொறியை உருவாக்கி 1891-இல் காப்புரிமை பெற்றார். ஒரு மோசடியைத் தடுக்கப் பிறந்த அப்பொறி, அழைப்பவர் யாரென்று அறிந்திருந்த கடைசி மனிதரையும் அகற்றிவிட்டது!

இன்று திரையில் எண் தெரிகிறதே என்பீர்கள். அந்த எண், கடிதத்தின் மேலுறையில் எழுதிய அனுப்புநர் முகவரி போன்றதுதான். எழுதியவர் விரும்பியதை எழுதலாம். இணையவழித் தொலைபேசியில், வெளிநாட்டில் அமர்ந்துகொண்டு +91 என்று தொடங்கும் இந்திய எண்ணை மேலுறையில் ஒட்டி அனுப்ப முடிந்தது. 2024 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை இத்தகைய போலி அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியபோது, முதல் 24 மணி நேரத்தில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 35 இலட்சம் அழைப்புகள் தடுக்கப்பட்டன என்று அரசு அறிவித்தது. இந்திய எண்ணைக் காட்டி வெளிநாட்டிலிருந்து வந்தவற்றில் இது பத்தில் ஒன்பது பங்கு.

செருப்புத் தைப்பவர் முதல் 'கூட்டம்' வரை

அரசு வேடம் தொலைபேசிக்கு முந்தியது. 1906 அக்டோபர் 16-இல் பெர்லினை அடுத்த கோப்பெனிக் என்ற ஊரில், வில்ஹெல்ம் ஃபோய்க்ட் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி, பழைய துணிக்கடைகளில் வாங்கிய காப்டன் சீருடையை அணிந்துகொண்டார். வழியில் கண்ட சிப்பாய்களைத் தம் பின்னால் வருமாறு கட்டளையிட்டார். நகர்மன்றத்தில் நுழைந்து மேயரைக் கைது செய்தார். கஜானாப் பணத்தை எடுத்துக்கொண்டு மறைந்தார். சிப்பாய்களில் ஒருவராவது 'உமது உத்தரவு எங்கே?' என்று கேட்கவில்லை. அவருக்கும் நான்காண்டுத் தண்டனைதான்; ஆனால் 1908-இல் மன்னரே மன்னித்துவிட்டார்.

நம் நாட்டில் 1987 மார்ச் 19-இல் பம்பாயில் நடந்தது இதைவிடத் துணிச்சலானது. ஒரு மனிதர் செய்தித்தாளில் 'உளவு அதிகாரிகள் தேவை' என்று விளம்பரம் செய்தார். வந்தவர்களை ஓட்டலில் நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்தார். அவர்களை மத்தியப் புலனாய்வுத் துறையினர் என்று அழைத்துக்கொண்டு ஆப்பரா ஹவுஸ் பகுதியிலுள்ள ஒரு பெரிய நகைக்கடையைச் 'சோதனை' இட்டார், நகைகளுடன் போய்விட்டார். சோதனைக்குப் போன இளைஞர்கள் தாங்கள் உண்மையான அரசு வேலையில் சேர்ந்துவிட்டதாகவே நம்பியிருந்தனர்! அந்த மனிதர் இன்றுவரை அகப்படவில்லை. 2018-இல் வெளிவந்த 'தானா சேர்ந்த கூட்டம்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்கும். படத்தில் இது கலகலப்பாக இருக்கிறது. வேலை தேடி வந்து ஏமாந்த அந்தப் பட்டதாரிகளுக்கு அப்படி இருந்திராது.

நேரில் வேடம் போடும் தொல்லை இல்லாமல், ஆயிரக்கணக்கானோரை ஒரே கூரையின் கீழிருந்து மிரட்டலாம் என்பதை 2016 அக்டோபரில் தானே மாவட்டத்து மீரா ரோடு பகுதியில் காவல்துறை கண்டது. அங்கிருந்த அழைப்பு மையங்களில் இளைஞர்கள் அமெரிக்க வருமான வரி அதிகாரிகளாகப் பேசி, 'வரிப் பாக்கியைக் கட்டாவிட்டால் அரை மணியில் போலீஸ் வரும்' என்று அமெரிக்க முதியோரை அச்சுறுத்தி வந்தனர். 1971-இல் ஒருவர் தம் குரலால் செய்ததை இங்கே எழுதி வைத்த வசனமும் மாதச் சம்பளமும் செய்தன.

'நானாக இருந்தால் ஏமாற மாட்டேன்'

இப்படி ஒரு எண்ணம் இப்போது உங்கள் மனத்தில் ஓடுகிறதா? அப்படியானால் சார்ல்ஸ் ஹாஃப்லிங் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவினரும் 1966-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். மருத்துவமனையில் பணியிலிருந்த ஒரு செவிலியரைத் தொலைபேசியில் அழைத்து, முன்பின் அறியாத ஒருவர் தம்மை டாக்டர் என்று சொல்லிக்கொள்வார். குறிப்பிட்ட மருந்தில் 20 மில்லிகிராம் ஒரு நோயாளிக்குக் கொடுக்கச் சொல்வார். நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று மருந்துப் பெட்டியிலேயே எழுதியிருக்கும். தொலைபேசி வாயிலாக இவ்வாறு கட்டளை பெறுவது மருத்துவமனை விதிக்கும் மாறு. (பெட்டியில் இருந்தது தீங்கற்ற மாத்திரைதான்.) 22 செவிலியர்களில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியின் கட்டிலை நோக்கி நடந்தனர், வழியில் ஆய்வாளர்கள் தடுத்து உண்மையைச் சொன்னார்கள்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. வேறு 12 செவிலியர்களிடம் 'இப்படி அழைப்பு வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டபோது, 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றனர். செவிலிய மாணவியர் 21 பேரைக் கேட்டபோது அத்தனை பேரும் மறுத்துச் சொன்னார்கள். நாற்காலியில் அமர்ந்து சிந்திக்கும் மனம் வேறு. தொலைபேசியில் அதட்டல் கேட்கும் மனம் வேறு. ஏமாந்தவரைப் பார்த்து 'படித்தவர் இப்படிச் செய்யலாமா?' என்று நாம் நகைப்பது அறிவியலுக்குப் பொருந்தாத பேச்சு. அந்த நகைப்புக்கு அஞ்சித்தான் பலர் புகார் கொடுக்காமல் இருந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

துடியலூருக்கு வரும் அழைப்பு

துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையை ஒட்டிய ஒரு வீட்டில், ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் பகலில் தனியே இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மகன் பட்டறைக்குப் போயிருக்கிறார். மருமகள் வேலைக்குப் போயிருக்கிறார். கைப்பேசியில் ஒரு பதிவுக் குரல்: 'இது தொலைத்தொடர்பு ஆணையம். உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும்.' எண்ணை அழுத்தினால் ஒருவர் பேசுகிறார். 'உங்கள் ஆதாரைக் காட்டி மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள். அதில் கருப்புப்பண வழக்கு இருக்கிறது' என்கிறார். 'நானுங்களா? மும்பைக்கே நான் போனதில்லைங்களே' என்கிறார் ஆசிரியை. 'அதைக் காவல் அதிகாரியிடம் சொல்லுங்கள்' என்று அழைப்பு மாறுகிறது. வாட்ஸப்பில் காணொளி தெரிகிறது. சீருடை, சுவரில் அரசுச் சின்னம், மேசையில் கொடி. 'நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள். காமிராவை அணைக்கக் கூடாது. வீட்டாரிடம் சொன்னால் அவர்களும் வழக்கில் சேர்வார்கள். உங்கள் பணம் நல்ல பணமா என்று சோதிக்க, ரிசர்வ் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். சோதித்ததும் திரும்பி வரும்.'

அந்த நான்கையும் மறுபடி பார்த்தீர்களா? பெரிய இடத்துப் பெயர், இரகசியம், அவசரம், பிறகு வரும் இரசீது. ஆசிரியை நாம் கற்பனை செய்துகொண்டவர். இதே நாடகத்தில் ஏமாந்தவர்கள் கற்பனை அல்லர். 2024 ஆகஸ்டில் லூதியானாவிலுள்ள வர்த்தமான் நூற்பாலைக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலை, மத்தியப் புலனாய்வு அதிகாரிகளாக நடித்தவர்கள் காணொளியில் கண்காணித்தார்கள். போலி உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றையே நடத்திக் காட்டி 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். பஞ்சு, நூல், சந்தை எல்லாவற்றிலும் பழுத்த அனுபவமுள்ள எண்பது வயதைக் கடந்த தொழிலதிபர் அவர். கோவை, திருப்பூர் ஆலை வட்டாரங்களில் அவர் நிறுவனத்தை அறியாதவர் குறைவு. நடந்ததை அவர் மறைக்காமல் வெளியே சொன்னது பெரிய உதவி. 2024-இல் மட்டும் இவ்வகையில் 1,23,672 புகார்களும், 1,935 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பும் பதிவாயின என்று மத்திய அரசு பாராளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாடெங்குமுள்ள இவ்வழக்குகளைப் புலனாய்வு செய்யுமாறு மத்தியப் புலனாய்வுத் துறைக்குக் கட்டளையிட்டது.

பேசுகிறவர்களும் எல்லாரும் தாமாக வந்தவர்கள் அல்லர். தாய்லாந்தில் கணினி வேலை என்று ஆசை காட்டப்பட்டு, மியான்மர், கம்போடியா நாடுகளின் வேலி போட்ட வளாகங்களில் அடைக்கப்பட்டு, அடிக்கு அஞ்சி இப்படிப்பட்ட மோசடி வேலைகளைச் செய்தவர்கள் உண்டு. 2022-இல் மியான்மரிலிருந்து மீட்கப்பட்டுச் சென்னை வந்தவர்களில் தமிழ் இளைஞர்களும் இருந்தனர். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களில் 549 இந்தியர் மீட்டு வரப்பட்டனர். 1987-இல் விளம்பரம் பார்த்து வந்த பட்டதாரிகளை இது நினைவூட்டவில்லையா?

உண்மையான கைதின் அடையாளம்

சட்டம் அறிந்தால் அச்சம் பாதி குறையும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் கைதுக்கான விதிகளை வகுத்தது. கைது செய்யும் அதிகாரி தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி அணிந்திருக்கவேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்து இடவேண்டும். கைதான செய்தி உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கப்படவேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இவ்வடிப்படை தொடர்கிறது. நேரில் ஆஜராகுமாறு காவல்துறை தரும் அறிவிப்பைக்கூட வாட்ஸப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. காணொளியில் கைது என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். உண்மையான அதிகாரி உங்கள் வீட்டாருக்குச் சொல்லவேண்டும் என்பது சட்டம். போலியான அதிகாரி வீட்டாருக்குச் சொல்லக்கூடாது என்கிறார். இரண்டும் நேர் எதிர். ஆகவே 'ஒருவரிடமும் சொல்லாதே' என்ற ஒரு சொல்லே போதும். எதிரே இருப்பது அரசு இல்லை என்று முடிவு செய்துவிடலாம். குரல் இனிமையா, சீருடை சரியா, எண் சரியா என்றெல்லாம் ஆராய வேண்டியதில்லை. செயற்கை நுண்ணறிவால் யார் குரலையும் ஆக்கிக்கொள்ள முடிகிற இந்நாளில், நகர்வாலாவின் குரல் திறமைகூடத் தேவைப்படுவதில்லை.

கொங்குப் பகுதியில் பெரிய வழக்கைவிடச் சின்ன மிரட்டல் அதிகம் பலிக்கும் என்று தோன்றுகிறது. 2022-இல் தமிழகமெங்கும் பலருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: 'சென்ற மாதப் பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30-க்கு மின்சாரம் துண்டிக்கப்படும். இந்த எண்ணை அழையுங்கள்.' தறியும் லேத்தும் ஓடும் ஊரில் கரண்ட் போகும் என்றால் கை தானே எண்ணை அழுத்தும். அழைத்தால் ஒரு செயலியைக் கைப்பேசியில் இறக்கச் சொல்வார்கள். அது திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் கருவி. அதன்பின் 'பத்து ரூபாய் கட்டிப் பாருங்கள்' என்பார்கள்; நீங்கள் அழுத்தும் இரகசிய எண் அவர்களுக்குத் தெரிந்துவிடும். இத்தகைய செய்தி வந்தால் அதிலுள்ள எண்ணை விட்டுவிடுங்கள். உங்கள் பகுதி ஈ.பி. ஆபீஸ் எண்ணை அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு நீங்களே அழையுங்கள். வங்கியானாலும் காவல் நிலையமானாலும் இதே முறைதான். அவர்கள் அழைத்த கம்பியிலேயே சரிபார்ப்பது, திருடனிடமே திருட்டுப் பற்றி விசாரிப்பது போன்றது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அழைப்பு வரும் முன்பே இதைப் பேசிவிடுங்கள். 'போலீஸ் என்று சொல்லி யார் பேசினாலும் வைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கம்மா' என்ற ஒரு பேச்சு, ராவல் சிங் கேட்ட வவுச்சரின் வேலையைச் செய்யும். உரமூட்டை வாங்கினால்கூடப் பில் கேட்கிற ஊர் இது. அறுபதாயிரம் அனுப்பும்போது இரசீது கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. பெருந்தொகை எடுக்க வந்த முதியவரின் பதற்றத்தைக் கண்டு, வங்கி ஊழியர்கள் நாலு கேள்வி கேட்டுத் தடுத்த நிகழ்ச்சிகளும் உண்டு.

பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற எண்ணை அழைக்கவேண்டும். அல்லது மத்திய அரசின் சைபர் குற்ற இணையதளத்தில் புகாரைப் பதியவேண்டும். போன பணம் முதலில் வாடகைக்குப் பிடித்த ஒருவர் கணக்கில் விழும். அங்கிருந்து பல கணக்குகளாகப் பிரிந்து ஓடும். ஓடி முடிப்பதற்குள் புகார் போனால், வழியிலுள்ள வங்கிகள் அத்தொகையை நிறுத்திவைக்க முடியும். அழைக்கும்போது பணம் போன நேரம், தொகை, பரிமாற்ற எண், உங்கள் வங்கியின் பெயர் ஆகியவை கையில் இருக்கட்டும். லூதியானா வழக்கில் புகாருக்குப் பின் காவல்துறை கணக்குகளை முடக்கி, 7 கோடியில் 5 கோடியே 25 இலட்சத்தை மீட்டது.